பிள்ளை புல்லியிங்குக்கு ஆளானால்: எதை முதலில் செய்வது, எதை அப்புறம் செய்வது

வகுப்பில் தன் பிள்ளையை வதைக்கிறார்கள் என்று தெரிந்ததும் பெற்றோர் செய்யும் முதல் வேலை, பெரும்பாலும் செய்யவே கூடாத வேலையாக இருக்கிறது. வதைக்கும் பையனின் வீட்டுக்குப் போன் போடுகிறார்கள். இல்லாவிட்டால் பள்ளி வாசலில் அவனையே நிறுத்திக் கேட்கிறார்கள். மறுநாள் வகுப்பில் பிள்ளைக்கு இன்னொரு பட்டப்பெயர் சேர்ந்திருக்கும். அதற்குப் பிறகு வீட்டில் அது வாயே திறக்காது.

பல ஆண்டுகளாக, இப்படி வதைபடும் பள்ளிப் பிள்ளைகளுக்கு உதவும் வேலையைச் செய்து வருகிறேன். என்னென்ன செய்ய வேண்டும் என்பது ஓரளவு எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. வரிசைதான் தவறுகிறது. புல்லியிங் ஒரு பிள்ளையிடமிருந்து பிடுங்கிக்கொள்வது, தன் விஷயத்தில் தனக்கு ஒரு சொல் உண்டு என்ற நம்பிக்கையை. உதவ வந்த பெரியவரும் கேட்காமல் கொள்ளாமல் காரியத்தில் இறங்கினால், மிச்சமிருந்த நம்பிக்கையும் போய்விடும். கீழே உள்ள வரிசை அதை மனதில் வைத்து அமைந்தது.

8 முதல் 17 வயது வரை உள்ள பிள்ளைகளின் பெற்றோருக்காக எழுதுகிறேன். 7, 8, 9 ஆகிய படிகள் ஆசிரியர்களுக்கும் உதவும்.

தொடங்கும் முன் தேவையானவை

ஒரு நோட்டு. யாரும் குறுக்கிடாத அரை மணி நேரம். அப்புறம், உங்கள் கோபம் அடங்க ஓர் இரவு.

கடைசியாகச் சொன்னதைத்தான் எல்லோரும் தாண்டிப் போகிறார்கள். கோபத்தில் இருக்கும் பெற்றோரைப் பார்க்கும் பிள்ளை, தன் பிரச்சினையோடு உங்கள் கோபத்தையும் சேர்த்துச் சுமக்கத் தொடங்கும். ‘அம்மாவுக்குச் சொன்னால் பெரிய ரகளை ஆகிவிடும்’ என்று அதற்குத் தோன்றிவிட்டால், அடுத்த சம்பவம் உங்கள் காதுக்கு வராது. உயிருக்கோ உடம்புக்கோ ஆபத்து என்று தெரிந்தால் மட்டும் காத்திருக்க வேண்டாம், நேராக 4-ஆம் படிக்குப் போங்கள்.

1. இது சண்டையா, வதையா என்று பிரித்துப் பாருங்கள்

நார்வேயில் ஆய்வு செய்த உளவியலாளர் டான் ஓல்வேயஸ் 1970-களிலிருந்து சொல்லிவந்த மூன்று அடையாளங்கள் இன்றும் பயன்படுகின்றன. வேண்டுமென்றே புண்படுத்துவது, திரும்பத் திரும்ப நடப்பது, இரண்டு பக்கமும் பலம் சமமாக இல்லாதது.

முதல் இரண்டும் எளிதில் புரிந்துவிடும். மூன்றாவதில்தான் பெரியவர்கள் தடுமாறுகிறார்கள். பலம் என்றால் உடம்பு மட்டும் என்று நினைத்து, ‘உன்னைவிடக் குள்ளமாக இருக்கிறான், அவனைப் பார்த்தா பயம்?’ என்று கேட்கிறார்கள். ஆள் பலம் ஒரு பலம். வகுப்பில் எல்லோருக்கும் பிடித்தவளாக இருப்பது ஒரு பலம். வெடுக்கென்று பேசத் தெரிவது, கையில் காசு இருப்பது, மற்றவரின் ரகசியமோ புகைப்படமோ கையில் இருப்பது எல்லாமே பலம்தான்.

நான் பயன்படுத்தும் கேள்விகள் இரண்டு: ‘நிறுத்து என்று சொன்னபோது நின்றதா?’, ‘அதையே நீ அவர்களுக்குத் திருப்பிச் சொன்னால் என்ன ஆகும்?’ இரண்டாவது கேள்விக்குப் பிள்ளை பதில் சொல்லாமல் தலையைக் குனிந்தால், பலம் எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும்.

அடிப்பது, தள்ளுவது கண்ணில் படும். பட்டப்பெயர் காதில் விழும். ஒதுக்கி வைப்பதுதான் யாருக்கும் தெரியாமல் நடக்கும். சாப்பிட உட்காரும்போது இடம் இல்லை என்பது, உள்ளே வந்ததும் பேச்சை நிறுத்துவது, எல்லோரும் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் ஒருத்தியை மட்டும் சேர்க்காமல் விடுவது. ‘யாரும் கை நீட்டவில்லையே’ என்று இதைத் தள்ளிவிடாதீர்கள். ஒதுக்கப்பட்டவருக்கு, ‘என்னை இப்படிச் செய்தார்கள்’ என்று காட்டக்கூட ஒன்றும் இருக்காது.

இந்தப் பிரிப்பு ஏன் முதல் படி? சமபலம் உள்ள இருவரின் சண்டைக்குச் சமாதானப் பேச்சு மருந்து. வதைக்கு அதே சமாதானப் பேச்சு கேடு. எது என்று தெரியாமல் மருந்தைக் கொடுக்க முடியாது.

2. அறிகுறிகளைத் தனித்தனியாகப் பார்க்காதீர்கள்

வயிற்று வலி, தலைவலி எல்லாப் பிள்ளைகளுக்கும் வரும். விடுமுறை முடியும் நாளின் மாலையில் மட்டும் தவறாமல் வந்தால் அது வேறு விஷயம். ஒரு நோட்டு காணாமல் போவது சாதாரணம். ஒரே மாதத்தில் பேனா, தண்ணீர் பாட்டில், காசு, சட்டைப் பட்டன் என்று போய்க்கொண்டே இருந்தால் கவனியுங்கள்.

பலருக்குத் தோன்றாத ஓர் அறிகுறி: பள்ளியிலிருந்து வந்ததும் பையைக்கூட வைக்காமல் கழிப்பறைக்கு ஓடுவது. பள்ளியில் பெரியவர்களின் கண் படாத இடங்களில் கழிப்பறை முக்கியமானது. அங்கே போகப் பயந்து நாள் முழுக்க அடக்கிக்கொள்ளும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

இன்னும் சில: போனில் சத்தம் வந்ததும் முகம் மாறுவது, வழக்கமான பாதையை விட்டுச் சுற்றிப் போவது, நேற்று வரை ஓயாமல் பேசிய தோழியின் பெயரே வாயில் வராதது, தம்பி தங்கைகளைத் திடீரென்று அடிக்கத் தொடங்குவது.

இவற்றில் எதுவும் தனியாகச் சாட்சி ஆகாது. படிப்புச் சுமை, உடல்நலம், வீட்டுச் சூழல் என்று வேறு காரணங்களும் இருக்கலாம். இரண்டு வாரம் தேதி போட்டு நோட்டில் குறித்து வந்தால், ஒரு குறிப்பிட்ட நாளோ பாடவேளையோ திரும்பத் திரும்பத் தென்படும். பேச்சைத் தொடங்க அதுவே போதும்.

3. பேச விடுங்கள், விசாரணை செய்யாதீர்கள்

எதிரே உட்கார வைத்துக் கண்ணைப் பார்த்துக் கேட்டால் வளர்ந்த பிள்ளைகள் ‘ஒண்ணும் இல்ல’ என்று முடித்துவிடுவார்கள். பக்கத்தில் நடக்கும்போது, வண்டியில் போகும்போது, விளக்கு அணைத்த பிறகு என்று முகம் பார்க்காத நேரங்கள் நல்லது.

நேராகப் பிள்ளையைப் பற்றித் தொடங்கவும் வேண்டாம். ‘உங்கள் வகுப்பில் யாரையாவது எல்லோரும் சேர்ந்து ஓட்டுகிறார்களா?’ என்று கேளுங்கள். பிறகு, ‘இடைவேளையில் நீ யாரோடு இருப்பாய்?’ அதற்குப் பிறகு நீங்கள் வாயை மூடிக்கொள்ள வேண்டும். அந்த மௌனத்தைத் தாங்க முடியாமல் பெற்றோர்தான் முதலில் பேசிக் கெடுக்கிறார்கள். பிள்ளை சொல்லலாமா வேண்டாமா என்று எடைபோட்டுக்கொண்டிருக்கும் நேரம் அது.

சொல்லத் தொடங்கிவிட்டால், முழுவதும் கேட்டு முடித்தபின் மூன்றே வாக்கியங்கள் போதும். ‘சொன்னதற்கு நன்றி. இதில் உன் மேல் தப்பில்லை. அடுத்து என்ன செய்வது என்று இரண்டு பேரும் சேர்ந்து யோசிப்போம்.’

‘யாரிடமும் சொல்ல மாட்டேன்’ என்று மட்டும் சத்தியம் செய்யாதீர்கள். பின்னால் பள்ளியில் பேச வேண்டி வரும், அன்று நீங்கள் வாக்கு மீறியவர் ஆகிவிடுவீர்கள். ‘உனக்குத் தெரியாமல் எதுவும் செய்ய மாட்டேன்’ என்பது காப்பாற்றக்கூடிய வாக்கு.

அடிக்கடி கேட்கும் மூன்று தவறான பதில்கள் உண்டு.

‘நீ என்ன செய்தாய், உன்னை மட்டும் ஏன் அப்படிச் செய்கிறார்கள்?’ பிள்ளை ராத்திரி எல்லாம் தன்னைத் தானே கேட்டுக்கொண்ட கேள்வி இது. உங்கள் வாயிலும் அதே கேள்வி வந்தால், தப்பு தன்மேல்தான் என்று முடிவு செய்துவிடும்.

‘கண்டுக்காமல் விடு.’ பல மாதம் கண்டுகொள்ளாமல் இருந்து பார்த்து, அது பலிக்காததால்தான் உங்களிடம் வந்திருக்கிறது.

‘திருப்பி ஒன்று கொடு.’ முடிந்திருந்தால் முன்பே கொடுத்திருக்கும். இப்போது ‘நான் கோழை’ என்ற பாரமும் சேரும். அதோடு, ஆசிரியரின் கண்ணில் பெரும்பாலும் படுவது இரண்டாவது அடிதான். தண்டனை யாருக்குப் போகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

தனக்கு மட்டும்தான் இப்படி நடக்கிறது என்ற கூச்சம் பல பிள்ளைகளுக்கு உண்டு. 2019-இல் யுனெஸ்கோ வெளியிட்ட அறிக்கையின்படி, உலகில் ஏறக்குறைய மூன்றில் ஒரு மாணவர், கேட்கப்பட்டதற்கு முந்தைய ஒரு மாதத்தில் ஒரு முறையாவது சக மாணவர்களால் வதைபட்டிருக்கிறார். வளர்ந்த பிள்ளைகளிடம் இந்தக் கணக்கைச் சொல்லிப் பாருங்கள். உடம்பு தளர்ந்து உட்காருவதைப் பார்க்கலாம்.

‘கோள் சொல்லி’ என்ற பெயர் வந்துவிடுமோ என்ற பயத்துக்கும் பதில் தயாராக இருக்கட்டும். ஒருவரை மாட்டிவிடுவதற்காகச் சொன்னால் கோள். ஒருவர் அடிபடாமல் இருக்கச் சொன்னால் உதவி கேட்பது. 8 வயதுப் பிள்ளைக்குக்கூட இது புரிகிறது.

4. ஆபத்தின் அளவை அன்றே தெரிந்துகொள்ளுங்கள்

‘இருந்து என்ன பயன்’, ‘நான் இல்லாவிட்டால் எல்லோருக்கும் நிம்மதி’ போன்ற பேச்சு, கையில் கீறல்கள், ஆசையாக வைத்திருந்த பொருள்களை மற்றவர்களுக்குக் கொடுத்துவிடுவது. இவற்றில் எதைப் பார்த்தாலும் நேராகக் கேளுங்கள்: ‘செத்துப்போகலாம் என்று தோன்றியிருக்கிறதா?’

கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்ததாகிவிடுமோ என்று பெற்றோர் அஞ்சுகிறார்கள். அப்படி ஆவதில்லை என்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. கேட்கும்போது பல பிள்ளைகளுக்கு மூச்சு விட முடிகிறது.

ஆம் என்ற பதில் வந்தால் தனியாக விடாதீர்கள். மருந்துகள், கூர்மையான பொருள்கள், விஷப் பொருள்கள் ஆகியவற்றைக் கைக்கு எட்டாமல் வையுங்கள். அன்றைக்கே மருத்துவரிடமோ மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கோ போங்கள். உங்கள் நாட்டில் உள்ள குழந்தைகள் உதவி எண்ணையும் தற்கொலைத் தடுப்பு எண்ணையும் எப்போதும் போனில் சேமித்து வையுங்கள், அவசரத்தில் தேடிக்கொண்டிருக்க முடியாது.

ஆயுதம், பாலியல் தொல்லை, மிரட்டிப் பணம் பறிப்பது இருந்தாலும் கீழே உள்ள வரிசைக்காகக் காத்திருக்காதீர்கள். அவை குற்றங்கள். போலீசும் குழந்தைப் பாதுகாப்பு அமைப்பும்தான் முதல் இடம்.

5. நடந்ததை நடந்தபடி எழுதுங்கள்

ஒவ்வொரு சம்பவத்துக்கும் தேதி, நேரம், இடம், யார் செய்தது, என்ன செய்தார்கள் அல்லது சொன்னார்கள், யார் பார்த்தார்கள், பிள்ளை அப்புறம் என்ன செய்தது, யாரிடம் சொன்னது என்று எழுத வேண்டும்.

சொற்களை அப்படியே எழுதுங்கள். ‘கேவலமாகப் பேசினார்கள்’ என்று எழுதினால் பள்ளியில் அது உங்கள் கருத்தாகவே எடுத்துக்கொள்ளப்படும். ‘செவ்வாய், இரண்டாவது இடைவேளை, தண்ணீர்க் குழாய் பக்கம், நான்கு பேர், நாற்றம் வருது தள்ளிப் போ என்றார்கள், இரண்டு பேர் மூக்கைப் பொத்தினார்கள்’ என்று இருந்தால் யாராலும் தட்டிக்கழிக்க முடியாது. அதே சம்பவம் மூன்று செவ்வாய்க்கிழமை நடந்திருந்தால், அந்த இடைவேளையில் குழாய் பக்கம் யார் பொறுப்பு என்று கேட்க வழி பிறக்கும்.

காயம் இருந்தால் அன்றே படம் எடுங்கள். பெரிதாக இருந்தால் மருத்துவரின் குறிப்பும் வேண்டும்.

ஓர் எச்சரிக்கை. தினமும் வாசலிலேயே ‘இன்றைக்கு என்ன செய்தார்கள்?’ என்று நோட்டோடு நிற்காதீர்கள். பிள்ளை மறந்துவிட்டுச் சிரித்துக்கொண்டு வரும் நாளும் இருக்கும், அதைக் கெடுக்க வேண்டாம். வாரத்துக்கு இரண்டு முறை, பிள்ளையும் ஒப்புக்கொண்ட நேரத்தில், பத்து நிமிடம் போதும்.

6. பள்ளிக்குப் போகும் முன் பிள்ளையோடு திட்டம் போடுங்கள்

ஒரு தாளில் பள்ளியின் படத்தைப் பிள்ளையையே வரையச் சொல்லுங்கள். பயமில்லாத இடங்களுக்குப் பச்சை, பயமுள்ள இடங்களுக்குச் சிவப்பு. வாய் திறக்காத பிள்ளைகள்கூட இதைச் செய்துவிடுவார்கள். படிக்கட்டின் திருப்பம், உடை மாற்றும் அறை, பேருந்தின் கடைசி இருக்கை என்று நீங்கள் எதிர்பார்க்காத இடங்கள் சிவப்பாகும். இந்தத் தாளைப் பத்திரமாக வையுங்கள், அடுத்த படியில் தேவைப்படும்.

பிறகு இரண்டு பெயர்களைக் கேளுங்கள். பள்ளியில் எந்தப் பெரியவரிடம் சொல்ல முடியும்? அது வகுப்பாசிரியராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. நூலகரோ விளையாட்டு ஆசிரியரோ பேருந்தில் வரும் உதவியாளரோ ஆகலாம். சிவப்பு இடங்களில் கூட நடக்க ஒரு தோழனோ தோழியோ யார்? ஒருவர் பக்கத்தில் இருந்தாலே வதைப்பது குறைகிறது. தனியாக இருப்பவரைத்தான் குறிவைப்பார்கள்.

அந்த நேரத்தில் சொல்ல ஒரு சின்ன வாக்கியமும் வேண்டும். ‘நிறுத்து. எனக்கு இது பிடிக்கவில்லை.’ அவ்வளவுதான். சாமர்த்தியமான பதிலடி தேடாதீர்கள், அது ஆட்டத்தை நீட்டிக்கும். வாக்கியத்தைச் சொல்லிவிட்டு, திரும்பி, ஆள் இருக்கும் பக்கமாக நடக்க வேண்டும். உட்கார்ந்து மனப்பாடம் செய்தால் இது வராது. எழுந்து நின்று, நீங்கள் வம்பு இழுப்பவராக நடித்து, ஐந்தாறு முறை பழக வேண்டும். பயத்தில் மூளை புதிதாக யோசிக்காது, உடம்புக்குப் பழகியதுதான் வரும்.

அடி விழும் இடத்தில் இந்த வாக்கியமும் வேண்டாம். அங்கே ஓடுவதும் கத்துவதும்தான் சரி என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள். வாக்கியம் பலிக்காமல் போனாலும் அது பிள்ளையின் தோல்வி ஆகாது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். வதையை நிறுத்துவது பெரியவர்களின் வேலை.

7. பள்ளியிடம் எழுத்தில் தொடங்குங்கள்

முதலில் வகுப்பாசிரியருக்கு ஒரு பக்கக் கடிதமோ மின்னஞ்சலோ அனுப்புங்கள். நேரில் போய்க் கொட்டிவிட்டு வருவதைவிட இது நல்லது. ஆசிரியருக்கு வகுப்பைக் கவனிக்க இரண்டு நாள் கிடைக்கும், உங்களுக்கு அனுப்பிய தேதி கிடைக்கும். நோட்டிலிருந்து தெளிவான மூன்று சம்பவங்கள் போதும். இருபதையும் எழுதினால் ஒன்றும் மனதில் நிற்காது.

நேரில் சந்திக்கும்போது நான்கு கேள்விகள் கேளுங்கள். இந்தச் சிவப்பு இடங்களில் எந்த நேரத்தில் யார் பார்ப்பார்கள்? என் பிள்ளை உடனே போய்ச் சொல்லக்கூடியவர் யார்? என் பிள்ளையின் பெயர் வெளியே வராமல் எப்படி விசாரிப்பீர்கள்? நாம் அடுத்து எந்தத் தேதியில் பேசலாம்?

‘அவனைப் பள்ளியை விட்டு அனுப்புங்கள்’ என்ற கோரிக்கையோடு தொடங்காதீர்கள். தண்டனையைச் சுற்றியே பேச்சு போய், உங்கள் பிள்ளைக்கு நாளைக் காலை என்ன மாறும் என்பது பேசப்படாமலே போகும். சிறு தவறுக்கும் கடுந்தண்டனை என்ற கொள்கையை அமெரிக்க உளவியல் சங்கத்தின் குழு 2008-இல் ஆராய்ந்தபோது, அதனால் பள்ளிகள் பாதுகாப்பாக மாறியதற்குச் சான்று இல்லை என்றே கண்டது. தண்டனை பெரிதாக இருந்தால் பிள்ளைகள் காட்டிக்கொடுக்கவும் தயங்குவார்கள். மற்றப் பிள்ளைக்கு என்ன செய்தோம் என்பதைப் பள்ளி உங்களிடம் சொல்லாமல் இருக்கலாம், அதில் நியாயம் உண்டு.

ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். இடத்தையோ பிரிவையோ மாற்ற வேண்டும் என்றால், மாற வேண்டியது வதைத்தவர். வதைபட்ட பிள்ளையை வேறு பிரிவுக்கு அனுப்புவது நிர்வாகத்துக்கு எளிது. ‘போக வேண்டியது நீதான்’ என்று வகுப்பு முழுவதற்கும் அறிவித்ததாக அது ஆகிவிடும். பிள்ளையே மாறக் கேட்டால் மட்டும் அது வேறு.

சந்திப்பு முடிந்த அன்றே, பேசி முடிவு செய்தவற்றை நான்கு வரியில் எழுதி அனுப்பிவிடுங்கள். சொன்ன தேதிக்குள் ஒன்றும் நடக்கவில்லை என்றால் தலைமையாசிரியர், பிறகு நிர்வாகம், பிறகு கல்வித் துறை. ஒவ்வொரு முறையும் முந்தைய கடிதங்களை இணைக்க வேண்டும்.

8. இரண்டு பேரையும் ஒன்றாக உட்கார வைக்காதீர்கள்

இதை நானே செய்து கற்றுக்கொண்டேன். ஆரம்ப நாட்களில், ஒரு மாணவனையும் அவனை மாதக்கணக்கில் வதைத்தவனையும் ஒரே அறையில் உட்கார வைத்து, மன்னிப்புக் கேட்கச் சொல்லி, கை குலுக்க வைத்தேன். நன்றாக முடிந்தது என்று நம்பினேன். இரண்டு நாள் கழித்துத் தெரிந்தது: அறையை விட்டு வெளியே வந்து பத்தடி நடப்பதற்குள், ‘இன்னொரு தடவை கை குலுக்கலாமா?’ என்று கேட்டு வதைத்தவன் விரலை முறுக்கியிருக்கிறான். அந்த ஆண்டு முழுவதும் வதைபட்ட பையன் என்னிடம் வேறு எதையும் சொல்லவில்லை. அந்த வருத்தம் இன்னும் போகவில்லை.

அந்த அறையில் நடப்பது இதுதான். பலமுள்ளவர் பெரியவரின் முன்னால் அழகாகப் பேசுவார். பயந்தவர் வாய் அடைத்து நிற்பார். ‘இரண்டு பேர் மேலும் தப்பு இருக்கிறது’ என்று பெரியவர் முடித்துவைப்பார்.

தனித்தனியாகப் பேசுங்கள். முதலில் வதைபட்டவரிடம். வதைத்தவர்கள் கூட்டமாக இருந்தால் ஒருவர் பின் ஒருவராக, நடுவில் அவர்கள் கலந்துபேச நேரம் இல்லாதபடி. ‘ஏன் செய்தாய்?’ என்றால் ‘சும்மா விளையாட்டுக்கு சார்’ என்றுதான் வரும். ‘அவன் சிரித்தானா?’ என்று கேளுங்கள். விளையாட்டு என்றால் இரண்டு பக்கமும் சிரிப்பு இருக்க வேண்டும். அடுத்து, ‘நாளையிலிருந்து நீ என்ன மாற்றப்போகிறாய்?’ என்று கேட்டு, பதிலை எழுதிக்கொண்டு, ஒரு வாரத்தில் திரும்பக் கூப்பிட வேண்டும். திரும்பக் கூப்பிடாவிட்டால் முதல் பேச்சுக்குப் பலன் இல்லை.

9. வேடிக்கை பார்ப்பவர்களை மறக்காதீர்கள்

பின்லாந்தின் கிறிஸ்டினா சால்மிவல்லியும் அவரோடு ஆய்வு செய்தவர்களும் 1996-இல் வகுப்பில் உள்ள எல்லோருக்கும் இதில் ஒரு பங்கு இருப்பதைக் காட்டினார்கள். தொடங்குபவர், கூடச் சேர்ந்து செய்பவர், சிரித்து உசுப்பேற்றுபவர், விலகி நிற்பவர், பரிந்து வருபவர், வதைபடுபவர். ஜால்ரா நின்றால் ஆட்டத்தில் பாதி சுவை போய்விடும்.

கனடாவில் பள்ளி மைதானங்களில் கேமராவும் மைக்கும் வைத்துச் செய்த ஓர் ஆய்வு 2001-இல் வெளியானது. 88 சதவீத சம்பவங்களில் மற்றப் பிள்ளைகள் அங்கே இருந்தார்கள். 19 சதவீதத்தில்தான் யாரோ ஒருவர் தலையிட்டார். அப்படித் தலையிட்டதில் 57 சதவீதம், 10 விநாடிக்குள் வதையை நிறுத்தியது. வகுப்பில் இந்த எண்களைப் பலகையில் எழுதிக் காட்டுங்கள், பிள்ளைகள் 10 விநாடியை எண்ணிப் பார்ப்பார்கள்.

தலையிடுவது என்றால் மார்பு விரித்து நிற்பது என்று நினைத்துப் பிள்ளைகள் பயப்படுகிறார்கள். ‘வா, மேடம் உன்னைக் கூப்பிடுகிறார்கள்’ என்று சொல்லி இழுத்துக்கொண்டு போகலாம். சிரிக்காமல் நகர்ந்து போகலாம். முடிந்தபின் பக்கத்தில் வந்து உட்காரலாம், ‘அவர்கள் செய்தது தப்பு’ என்று ஒரு வரி அனுப்பலாம், பெரியவரிடம் சொல்லலாம். வதைபட்ட பிள்ளைகளிடம் பேசும்போது, அவர்களுக்கு நினைவிருப்பது பக்கத்தில் வந்து உட்கார்ந்தவரைத்தான்.

10. போனில் நடந்தால் முதலில் சேமியுங்கள், பிறகு புகார், பிறகு பிளாக்

கோபத்தில் எல்லோரும் முதலில் பிளாக் செய்கிறார்கள், அல்லது அழித்துவிடுகிறார்கள். அப்புறம் காட்ட ஒன்றும் இருக்காது. பயனர் பெயர், தேதி, நேரம் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து, இணைப்பு முகவரியையும் குறித்துவையுங்கள். அடுத்து அந்தத் தளத்திலேயே புகார் செய்யுங்கள். அதன் பிறகு பிளாக்.

பிளாக் செய்தால் பள்ளியில் மறுநாள் வம்பு பெரிதாகும் என்று பிள்ளை பயந்தால், இன்ஸ்டாகிராமில் ‘ரெஸ்ட்ரிக்ட்’ இருக்கிறது. அவர் உங்கள் பிள்ளையின் பதிவில் எழுதும் கருத்து அவருக்கு மட்டும் தெரியும், தன்னைக் கட்டுப்படுத்தியது அவருக்குத் தெரியாது. வாட்ஸ்அப்பில் யார் தன்னைக் குழுவில் சேர்க்கலாம் என்பதைத் தனியுரிமை அமைப்பில் மாற்றலாம்.

போனைப் பிடுங்காதீர்கள். சொன்னால் போன் போய்விடும் என்ற பயம்தான் பல பிள்ளைகளின் வாயைக் கட்டுகிறது. நல்ல நண்பர்களும் அதே போனில்தான் இருக்கிறார்கள். பதிலுக்குத் திட்டி எழுதவும் வேண்டாம், அந்தப் பதிலை மட்டும் வெட்டி எடுத்துப் பரப்புவார்கள்.

18 வயதுக்கு உட்பட்டவரின் அந்தரங்கப் படம் பரவினால் மேலே சொன்ன வரிசை பொருந்தாது. அந்தப் படத்தை ஸ்கிரீன்ஷாட் எடுக்காதீர்கள், சாட்சிக்காகக்கூட யாருக்கும் அனுப்பாதீர்கள். பல நாடுகளில் வைத்திருப்பதே குற்றம். கணக்கின் பெயரையும் இணைப்பையும் மட்டும் குறித்துக்கொண்டு போலீசிடம் போங்கள். அமெரிக்காவில் காணாமல் போன, சுரண்டப்படும் குழந்தைகளுக்கான தேசிய மையம் நடத்தும் ‘டேக் இட் டவுன்’ என்ற இலவசச் சேவையும் உண்டு. படம் உங்கள் கருவியை விட்டு வெளியே போகாது. அதிலிருந்து உருவாகும் எண் அடையாளம் மட்டும் போகும், அதை வைத்து ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் போன்ற பங்கேற்கும் தளங்கள் படத்தைக் கண்டுபிடித்து நீக்க முடியும். பிள்ளையைத் திட்டும் நாள் அதுவல்ல.

11. உங்கள் பிள்ளைதான் வதைக்கிறது என்று போன் வந்தால்

‘என் பிள்ளை அப்படிச் செய்யாது’ என்று சொல்லிவிடாதீர்கள், வீட்டுக்கு வந்ததும் அடிக்கவும் செய்யாதீர்கள். பலமுள்ளவர் பலமில்லாதவரை அடிக்கலாம் என்ற பாடத்தையே அந்த அடியும் சொல்லிக்கொடுக்கும்.

என்ன நடந்தது என்று முழுக்கக் கேளுங்கள். ‘அவனும்தான்’ என்ற பேச்சு வரும்போது, ‘அவனைப் பற்றி அப்புறம் பேசலாம், நீ செய்ததைச் சொல்’ என்று நிதானமாகத் திருப்புங்கள். செய்ததற்கு ஈடாக ஒன்று வேண்டும். உடைத்ததை வாங்கித் தருவது, பரப்பிய பொய்யை அதே குழுவில் பொய் என்று எழுதுவது. வற்புறுத்தி வாங்கும் மன்னிப்புக்கு மதிப்பில்லை, வதைபட்டவர் கேட்க விரும்பினால்தான் மன்னிப்பு.

அதோடு, உங்கள் பிள்ளையை வேறு யாராவது வதைக்கிறார்களா என்றும் பாருங்கள். அமெரிக்காவில் பிள்ளைகளைப் பெரியவர்கள் ஆகும் வரை தொடர்ந்து கவனித்து 2013-இல் வெளியான ஓர் ஆய்வில், வதைபட்டும் வதைத்தும் வளர்ந்தவர்களுக்கே மனச்சோர்வும் பீதி நோயும் தற்கொலை எண்ணமும் மிக அதிகமாகக் காணப்பட்டன. ‘ரவுடி’ என்று பெயர் வாங்கிய பிள்ளைகளில் இவர்களும் இருக்கிறார்கள்.

12. அடங்கிவிட்டது போலத் தெரியும்போது நோட்டை மூடாதீர்கள்

பேச்சுவார்த்தைக்குப் பிறகு அடிப்பதும் திட்டுவதும் நிற்கும். அதே இடத்தில் ஒதுக்குவது தொடங்கும். பெரியவர்கள் வெற்றி என்று நினைக்கும் வாரம், பிள்ளைக்கு மிகத் தனிமையான வாரமாக இருக்கலாம். இரண்டு நாள் கழித்து, இரண்டு வாரம் கழித்து, இரண்டு மாதம் கழித்து என்று மூன்று தேதிகளை இப்போதே குறியுங்கள். அந்தத் தேதிகளில் 6-ஆம் படியின் படத்தைத் திரும்ப வரையச் சொல்லுங்கள். சிவப்பு எவ்வளவு குறைந்திருக்கிறது என்பது எந்த அறிக்கையையும்விட நன்றாகச் சொல்லும்.

பள்ளிக்கு வெளியே இன்னொரு வட்டமும் தேவை. விளையாட்டு, இசை, ஓவியம், எதுவாகவும் இருக்கட்டும். பட்டப்பெயர் தெரியாத பிள்ளைகள் அங்கே இருப்பார்கள். தூக்கமின்மையோ பயமோ சில வாரங்களில் குறையவில்லை என்றால் மனநல ஆலோசகரிடம் அழைத்துப் போங்கள்.

நோட்டைக் கல்வியாண்டு முடியும் வரை வைத்திருங்கள். புது வகுப்பு தொடங்கும் வாரத்தில், பிள்ளையின் சம்மதத்தோடு, புது வகுப்பாசிரியரிடம் அதிலிருந்து ஒரு பக்கத்தைக் கொடுத்துவிடுங்கள்.